நிற்காமல் போன கார்

"சாலைத் தடுப்பில் நிற்காமல் ஓடிய கார் மோதி மோட்டாரோட்டி பலி" என்று காலையில் செய்தி வந்துவிட்டால், ரவாங் ஒட்டுக்கடைகளில் அன்றைக்கு வேறு பேச்சு இருக்காது. "302 போடணும்லா. கொலைக் கேஸ்தான். அப்பத்தான் பயம் வரும்" என்பார் ஒருவர். இரவெல்லாம் கல் லோரி ஓட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருப்பவராக அவர் இருக்கலாம். மகனை மோட்டாரில் ஷிப்டு வேலைக்கு அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் தகப்பனாகவும் இருக்கலாம். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் ஒரு வாரம் கழித்து அதே ஆளை நீதிமன்றத்தில் நிறுத்தும்போது செய்தியில் 302 இருக்காது, 41 என்று இருக்கும். உடனே அதே மேசையில், "பார்த்தியா, எங்கேயோ கை மாறிப்போச்சு" என்ற பேச்சு கிளம்பும்.

அந்த இரண்டாவது பேச்சு செத்தவரின் வீட்டாரையும் போய்ச் சேருகிறது. தங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்ற நினைப்போடு அவர்கள் வழக்கு முழுவதும் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால்தான் இதைப் பொறுமையாகப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு தே தாரே ஆறுவதற்குள் முடிகிற விஷயமில்லை.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். "ஓடினான்" என்று நாம் ஒரே மூச்சில் சொல்வதற்குள் இரண்டு ஓட்டங்கள் இருக்கின்றன. ஒன்று, சாவுக்கு முன் ஓடியது. போலீஸ் கை காட்டியதும் நிற்காமல் காரை விரட்டி, அந்த விரட்டலில் யாரையோ அடித்துக் கொன்றது. இன்னொன்று, சாவுக்குப் பின் ஓடியது. மோதியபின் இறங்கிப் பார்க்காமல், விழுந்தவரைச் சாலையில் போட்டுவிட்டுப் போனது. சட்டம் இவற்றை வேறு வேறு பிரிவுகளில் வைத்திருக்கிறது, வேறு வேறு எடையும் போடுகிறது. முதல் ஓட்டத்துக்கு அது போடும் எடை பெரும்பாலும் சரி என்றே நினைக்கிறேன். இரண்டாவதற்குப் போடும் எடையை என்னால் ஏற்க முடியவில்லை.

முதல் ஓட்டத்துக்கு வருவோம்.

1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் 41-ஆம் பிரிவு, வாகனம் ஓட்டி மரணம் விளைவிப்பதைப் பற்றியது. கண்மூடித்தனமாக ஓட்டியோ, பொதுமக்களுக்கு ஆபத்தான வேகத்தில் அல்லது விதத்தில் ஓட்டியோ எவர் ஒருவரின் சாவுக்குக் காரணமானாலும் இது பாயும். ஆபத்து என்பதை எதை வைத்து அளப்பது? சட்டமே சொல்கிறது: சாலையின் தன்மை, அதன் நிலை, அகலம், அந்த நேரத்தில் அங்கே இருந்த போக்குவரத்து. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறது: அங்கே இருக்கக்கூடும் என்று எதிர்பார்க்க வேண்டிய போக்குவரத்து. இந்தக் கடைசி வார்த்தைகளுக்கு மதிப்பு அதிகம். 2017 நவம்பரில் திறந்த ரவாங் பைபாஸ் மேம்பாலத்தில் விடியற்காலை மூன்று மணிக்கு 110-ல் போவதும் தவறுதான். அதே 110-ல் ரவாங் பட்டணத்துக்குள் நுழையும் பழைய கூட்டரசுச் சாலையில் பள்ளி விடும் நேரத்தில் போவது வேறு. அங்கே பிள்ளைகள் இருப்பார்கள், அம்மாக்கள் மோட்டாரை ஓரத்தில் நிறுத்திக்கொண்டு காத்திருப்பார்கள் என்று ஓட்டுநருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. "நான் அவர்களைக் கவனிக்கவில்லை" என்ற பதில் அங்கே எடுபடாது.

போலீசிடமிருந்து ஓடிய ஓட்டம் இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது. ஓடியது மட்டுமே 41 ஆகிவிடாது. ஆனால் ஓடும்போது செய்தவை ஒவ்வொன்றும் சாட்சி: சிவப்பு விளக்கில் புகுந்தது, இருட்டில் விளக்கை அணைத்துக்கொண்டு போனது, ஒருவழிச் சாலையில் எதிர்த்திசையில் ஏறியது, ஓரப்பாதையில் மோட்டார்களுக்கு நடுவே நுழைந்தது. பின்னால் வந்த ரோந்துக் காரின் கேமராவில் இவையெல்லாம் வரிசையாகப் பதிந்திருக்கும். சாதாரண விபத்து வழக்கில் அரசுத் தரப்பு டயர் தடத்தையும் நொறுங்கிய இரும்பையும் வைத்துக்கொண்டு வேகத்தை நிரூபிக்கப் பாடுபடும். துரத்தல் வழக்கில் அந்தப் பாடு குறைவு.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சட்டம் "எந்த ஒரு நபரின் சாவு" என்கிறது. எதிரே வந்தவர்தான் சாக வேண்டும் என்பதில்லை. ஓடிய காரின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்த நண்பன் செத்தாலும் ஓட்டியவன் மேல் 41 பாயும். "நிறுத்துடா, நிறுத்துடா" என்று கத்திக்கொண்டே செத்துப்போன பையன்களின் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. "அவனும் அந்தக் காரில்தானே போனான்" என்று ஊர் சொல்லலாம், சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

தண்டனை? 2020 வரைக்கும் குறைந்தது 2 ஆண்டு சிறை, அதிகபட்சம் 10, அபராதம் 5,000 முதல் 20,000 ரிங்கிட் வரை. 2020 அக்டோபரில் நடப்புக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 5 ஆண்டு, அதிகபட்சம் 10. அபராதம் 20,000 முதல் 50,000 வரை. மறுபடியும் அதே குற்றம் செய்தால் 10 முதல் 15 ஆண்டு. ஆகவே 41 என்று கேட்டதும் "சம்மன் மாதிரி விட்டுட்டாங்க" என்று நினைக்க வேண்டாம். ஐந்து ஆண்டுக்குக் கீழே இறங்க நீதிபதிக்கே இடமில்லை.

சரி, ஏன் 302 இல்லை?

நம் தண்டனைச் சட்டம் 1860-இல் எழுதப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் வழி வந்தது. அதனால்தான் தமிழ்ப் படங்களில் கேட்டுப் பழகிய 302, 304, 307 என்ற எண்கள் இங்கேயும் அதே பொருளில் நிற்கின்றன. கொலை என்று சொல்ல, செத்தது மட்டும் போதாது. செய்தவனின் மனத்துக்குள் என்ன இருந்தது என்பது வேண்டும். கொல்ல வேண்டும் என்ற நோக்கம் இருக்கலாம், அல்லது சாகும் அளவுக்குக் காயப்படுத்தும் நோக்கம் இருக்கலாம். நோக்கமே இல்லாவிட்டாலும், தான் செய்வது எவ்வளவு பயங்கரம், இதில் எப்படியும் சாவு விழும் என்று நன்றாகத் தெரிந்தே, எந்த நியாயமும் இல்லாமல் செய்திருந்தால் அதுவும் கொலைதான். அதற்கு ஒரு படி கீழே 304. நோக்கத்தோடு என்றால் 30 ஆண்டு வரை. சாவு விழலாம் என்ற அறிவு மட்டும் இருந்தால் 10 ஆண்டு வரை. இன்னும் கீழே 304ஏ, கவனக்குறைவால் சாவு, அதற்கு 2 ஆண்டு வரைதான்.

போலீசைப் பார்த்து ஓடுகிறவனின் மனத்தில் பெரும்பாலும் என்ன இருக்கிறது? லைசென்ஸ் இல்லை. சாலை வரி முடிந்துவிட்டது. காரில் ஏதோ ஒளித்து வைத்திருக்கிறான். அப்பாவின் காரைக் கேட்காமல் எடுத்து வந்திருக்கிறான். தப்ப வேண்டும், அவ்வளவுதான். எதிரே வருகிறவரைக் கொல்வது அவன் எண்ணமில்லை. எதிரே வருகிறவரைப் பற்றிய எண்ணமே அவனுக்கு இல்லை. அந்த இரக்கமின்மைதான் நம்மை எரிய வைக்கிறது. ஆனால் அது கொலைக்கான மனநிலை என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிப்பது கடினம். நிரூபிக்க முடியாத 302-ஐப் போட்டால் நடக்கக்கூடியது விடுதலை.

இங்கிலாந்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2019 ஆகஸ்ட் 15-ஆம் தேதி இரவு, பெர்க்‌ஷயரில் நாற்சக்கர மோட்டார் ஒன்றைத் திருடிக் காரில் கயிறு கட்டி இழுத்துப்போன மூன்று இளைஞர்களை மடக்க இறங்கினார் ஆண்ட்ரூ ஹார்ப்பர் என்ற போலீஸ்காரர். தரையில் கிடந்த கயிற்று வளையத்துக்குள் அவர் கால் மாட்டிக்கொண்டது. கார் நிற்கவில்லை. ஒரு மைலுக்கும் மேல் இழுபட்டு அவர் இறந்தார். திருமணமாகி நான்கே வாரம். நாடே கொலைத் தீர்ப்பை எதிர்பார்த்தது. ஆனால் 2020 ஜூலையில் ஜூரி, கொலை இல்லை, கொலையாகாத மனிதச் சாவு என்றது. பின்னால் ஒரு மனிதர் இழுபட்டு வருகிறார் என்று ஓட்டியவனுக்குத் தெரியும் என்பதை நிரூபிப்பதில்தான் வழக்கே நின்றது. ஓட்டியவனுக்கு 16 ஆண்டு, மற்ற இருவருக்கும் தலா 13 ஆண்டு. ஹார்ப்பரின் மனைவி போராடி, பணியிலிருக்கும் அவசர சேவை ஊழியரை இப்படிக் கொன்றால் ஆயுள் தண்டனை என்று 2022-இல் சட்டம் கொண்டுவர வைத்தார். அந்தப் பெண்ணின் போராட்டத்தை நினைத்துப் பார்க்கிறேன். தீர்ப்பு தவறு என்று கத்திக்கொண்டிருப்பதோடு அவர் நிற்கவில்லை. சட்டத்தில் ஓட்டை எங்கே என்று பார்த்து அதை அடைக்கப் போனார்.

அதற்காகக் கார் ஒருநாளும் கொலை ஆயுதம் ஆகாது என்று சொல்ல வரவில்லை. சாலைத் தடுப்பில் நின்று கையசைக்கும் போலீஸ்காரரைப் பார்த்து, வளைந்து போக இடமிருந்தும் அவரை நோக்கியே ஸ்டீயரிங்கைத் திருப்பினால், அங்கே நோக்கம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. அவர் பிழைத்தாலும் 307, கொலை முயற்சி. பெர்லினில் 2016 பிப்ரவரியில் நடுநகர வீதியில் போட்டி போட்டுக் காரோட்டிய இருவர் சிவப்பு விளக்குகளைத் தாண்டி ஒரு முதியவரைக் கொன்றார்கள். கீழ் நீதிமன்றம் அதைக் கொலை என்றது, மேல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, மறு விசாரணையில் மறுபடியும் கொலை என்றார்கள், 2020-இல் அவர்களில் ஒருவருக்கு அது உறுதியானது. ஜெர்மனியே நான்கு ஆண்டு தடுமாறிய கேள்வி இது.

நம் நாட்டில் 302-க்குக் கட்டாயத் தூக்கு என்ற நிலை 2023 ஜூலையில் போய்விட்டது. இப்போது தூக்கு, அல்லது 30 முதல் 40 ஆண்டு சிறையும் பிரம்படியும். எந்தப் பிரிவில் குற்றம் சாட்டுவது என்று முடிவெடுப்பவர் போலீஸ் அல்ல, சட்டத்துறைத் தலைவர். கூட்டரசு அரசியலமைப்பின் 145-ஆம் விதி அந்த அதிகாரத்தை அவரிடம் கொடுத்திருக்கிறது. போலீஸ் முதலில் 302 என்று வகைப்படுத்தி விசாரிக்கலாம், பிறகு குற்றச்சாட்டு 41 ஆக வரலாம். ஒட்டுக்கடையில் "கை மாறிப்போச்சு" என்று சொல்வது பல நேரம் இந்த மாற்றத்தைத்தான்.

குற்றச்சாட்டைத் தாளில் எப்படி எழுதுகிறார்கள் என்பதும் உயிர் போகிற விஷயம். ஜோகூர் பாருவில் 2017 பிப்ரவரி 18 அதிகாலை, மாற்றியமைத்த சைக்கிள்களில் வந்த பதின்ம வயதுப் பையன்கள் எட்டுப் பேர் கார் மோதி இறந்த வழக்கு உங்களுக்கு நினைவிருக்கும். ஓட்டிய பெண் ஓடவில்லை, ஓடும் ஓட்டுநரோடு அவரை ஒப்பிடவும் கூடாது. 41-ஆம் பிரிவின் மேல் அந்த வழக்கு காட்டிய வெளிச்சத்துக்காகத்தான் சொல்கிறேன். மாஜிஸ்திரேட் நீதிமன்றம் இருமுறை விடுதலை செய்தது. 2022 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் 6 ஆண்டு சிறையும் 6,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது. 2023 ஏப்ரல் 11-ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. காரணங்களில் ஒன்று, கண்மூடித்தனமாக ஓட்டியது, ஆபத்தாக ஓட்டியது என்ற இரண்டு வெவ்வேறு குற்றங்களையும் ஒரே குற்றச்சாட்டில் "இதுவோ அதுவோ" என்று அடைத்திருந்தது. எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்றே தெரியாமல் ஒருவர் எப்படி எதிர்வாதம் செய்வார்? எட்டுக் குடும்பங்களும் அந்தப் பெண்ணும் ஆறு ஆண்டு அலைந்தார்கள். தாளில் முதல் நாளே சரியாக எழுதியிருந்தால் இந்த அலைச்சலில் பாதி குறைந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இனி இரண்டாவது ஓட்டம். மனம் ஆறாத இடம் இது.

மோதிய பிறகு ஓட்டுநர் செய்ய வேண்டியதைச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது: நிற்க வேண்டும், தன் விவரம் கொடுக்க வேண்டும், தன்னால் இயன்ற உதவியைச் செய்ய வேண்டும், கூடிய விரைவில், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் ரிப்போர்ட் போட வேண்டும். இதை மீறினால் தண்டனை உண்டு, ஆனால் 41-க்குப் பக்கத்தில்கூட அது வராது. ஒரு மனிதர் கால்வாயோரம் மூச்சுக்குத் தவிக்கும்போது விட்டுவிட்டுப் போவதற்கான தண்டனை, ஆவணங்களில் தவறு செய்பவர்களுக்கான தண்டனைகளோடு ஒரே வரிசையில் நிற்கிறது.

இது வெறும் மனக்குறை இல்லை. இதற்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது.

குடித்துவிட்டு ஓட்டிச் சாவு விளைவித்தால் 44-ஆம் பிரிவு. அதற்கு 10 முதல் 15 ஆண்டு, 50,000 முதல் 1 லட்சம் ரிங்கிட் வரை அபராதம். 2020 மே மாதம், நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை இருந்த நாளில், காஜாங்கில் சாலைத் தடுப்பில் பணியிலிருந்த ஒரு போலீஸ்காரரைக் குடிபோதையில் வந்தவரின் வாகனம் மோதிக் கொன்றது. அதுபோன்ற சாவுகள் அடுத்தடுத்து விழுந்த பிறகுதான் அந்த ஆண்டே தண்டனை இப்படி ஏறியது. மதுவின் அளவுகோலும் இறங்கியது: 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் என்றிருந்தது 50 ஆனது. நல்ல திருத்தம்தான். ஆனால் 44 நிற்க வேண்டுமென்றால் குடித்திருந்தான் என்று நிரூபிக்க வேண்டும். மூச்சையோ இரத்தத்தையோ சோதிக்க ஆள் கையில் இருக்க வேண்டும்.

மனித உடம்பு மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் என்ற கணக்கில் மதுவைக் கழிக்கிறது. இரத்தத்தில் 100 இருந்தவன் மூன்றரை மணி நேரம் எங்காவது ஒதுங்கியிருந்தால் 50-க்குக் கீழே வந்துவிடுவான். ரிப்போர்ட் போடச் சட்டம் கொடுத்திருக்கும் கடைசிக் கெடு 24 மணி நேரம். கூட்டிக் கழித்துப் பாருங்கள். குடித்தவன் நின்று, ஆம்புலன்சைக் கூப்பிட்டு, விழுந்தவரின் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தால் அவனுக்குக் குறைந்தது பத்து ஆண்டு. ஓடிப்போய்த் தூங்கி எழுந்து மறுநாள் வக்கீலோடு வந்தால், 41 நிரூபணமானால் ஐந்து ஆண்டு முதல், அதோடு 52. ஓடியவனுக்கு லாபம். நின்று உதவியவனுக்கு நட்டம். வேண்டுமென்று யாரும் இப்படி எழுதியிருக்க மாட்டார்கள். 44-ஐ ஏற்றியவர்கள் 52-ஐயும் சேர்த்து ஏற்ற மறந்ததால் வந்த வினை.

ஜப்பான் இதே குழியில் விழுந்து எழுந்த நாடு. 2006 ஆகஸ்ட் 25 இரவு, ஃபுக்குவோக்காவில் ஒரு பாலத்தின் மேல், குடித்திருந்த நகராட்சி ஊழியர் ஒருவரின் கார் ஒரு குடும்பத்தின் காரைப் பின்னாலிருந்து மோதிக் கடலுக்குள் தள்ளியது. அம்மா நீருக்குள் மூழ்கி மூழ்கித் தேடியும் மூன்று குழந்தைகளும் இறந்தார்கள். ஓட்டியவர் இடத்தை விட்டுப் போய், நண்பரை வரச்சொல்லி, போதை தெரியாமலிருக்கத் தண்ணீரைக் குடித்தார். கீழ் நீதிமன்றம் ஏழரை ஆண்டு கொடுத்தது. மேல்முறையீட்டில் 20 ஆண்டானது, 2011-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஓடினால் லாபம் என்ற நிலையைத் துடைக்கவே 2014-இல் நடப்புக்கு வந்த புதுச் சட்டத்தில் தனிக் குற்றம் ஒன்றைச் சேர்த்தார்கள். சாவு விளைவித்துவிட்டு, குடித்தது தெரியாமலிருக்க இடத்தை விட்டுப் போனாலோ மேலும் குடித்தாலோ 12 ஆண்டு வரை சிறை. கனடாவில் இன்னும் நேர்: சாவு விழுந்த விபத்தில் நிற்காமல் போனால் அதிகபட்சம் ஆயுள் தண்டனை, குடித்து ஓட்டிச் சாவு விளைவித்தாலும் அதே ஆயுள். ஓடுவதில் ஒரு காசு லாபமில்லை.

இந்தியாவும் முயன்றது. டில்லியில் 1999 ஜனவரியில் பி.எம்.டபிள்யூ கார் ஒன்று மூன்று போலீஸ்காரர்கள் உட்பட ஆறு பேரைக் கொன்றுவிட்டு நிற்காமல் போன வழக்கு, 304-க்கும் 304ஏ-க்கும் நடுவே பதின்மூன்று ஆண்டு ஊசலாடி, 2012-இல்தான் உச்ச நீதிமன்றத்தில் 304-இன் இரண்டாம் பகுதியில் வந்து நின்றது. பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 106(2)-ஆம் பிரிவில், மோதிவிட்டுப் போலீசுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ சொல்லாமல் ஓடினால் 10 ஆண்டு வரை என்று எழுதினார்கள். 2024 ஜனவரி தொடக்கத்தில் லாரி ஓட்டுநர்கள் நாடெங்கும் வண்டியை நிறுத்திவிட்டார்கள். அந்த ஆண்டு ஜூலை 1-இல் மற்றப் பிரிவுகளெல்லாம் நடப்புக்கு வந்தும் அந்த ஒன்றை மட்டும் அரசு நிறுத்தி வைத்தது.

ஓட்டுநர்கள் சொன்ன காரணத்தைத் தள்ளிவிட முடியாது. "நின்றால் கூட்டம் அடித்தே கொல்லும்" என்றார்கள். ரவாங்கிலும் இந்தப் பயம் உண்டு. நம் லோரிக்கார அண்ணன்மார்களைக் கேட்டால் சொல்வார்கள். அதற்கு வழி இருக்கிறது. கூட்டம் கையை ஓங்கினால் வண்டியிலிருந்தபடியே 999-ஐ அழையுங்கள், விழுந்தவருக்கு ஆம்புலன்ஸ் கேளுங்கள், பிறகு நேரே போலீஸ் நிலையத்துக்கு ஓட்டுங்கள். அப்படிப் போனவருக்கும் ஒளிந்துகொண்டவருக்கும் உள்ள வித்தியாசம் அழைப்பு நேரத்திலேயே பதிவாகிவிடும். நாளை நம் நாடாளுமன்றம் 52-ஐத் திருத்துமானால், இவருக்குப் பாதுகாப்பும் ஒளிந்தவனுக்குப் பத்து ஆண்டும் என்று இரண்டையும் பிரித்து எழுத வேண்டும் என்பதே என் விருப்பம்.

துரத்துகிறவர்களைப் பற்றியும் ஒரு சொல். 2010 ஏப்ரல் 26 அதிகாலை, ஷா ஆலாமில் அமினுல்ரஷீட் அம்சா என்ற மூன்றாம் படிவ மாணவன், அக்காவின் காரை எடுத்துக்கொண்டு போய் இன்னொரு காரை உரசிவிட்டுப் பயந்து ஓடினான். போலீஸ் துரத்தியது, சுட்டது. வீட்டுக்குப் பக்கத்திலேயே அவன் செத்தான். சுட்ட கார்ப்பரல் மேல் 304-இன் (a) பகுதியைப் போட்டு, 2011-இல் செஷன்ஸ் நீதிமன்றம் 5 ஆண்டு கொடுத்தது, 2012-இல் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. பின்னர் சிவில் வழக்கில் குடும்பத்துக்கு 4 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் இழப்பீடு கிடைத்தது. ஓடுகிறவன் எல்லாருமே கொலைகாரன் இல்லை. சில நேரம் பயந்துபோன பள்ளிப் பிள்ளை. 302 போடணும் என்று சொல்லும்போது இந்தப் பையனையும் ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, செத்தவரின் வீட்டாருக்கு. துக்கத்தில் இருப்பவர்களிடம் இதைச் சொல்வது கடினம், ஆனால் முதல் சில நாட்கள்தான் வழக்கின் உயிர்.

மோதிவிட்டு ஓடிய காரின் முன்விளக்கு உடைந்து சாலையில் சிதறியிருக்கும். அந்தப் பிளாஸ்டிக் துண்டின் உட்புறத்தில் பொடி எழுத்தில் பாகத்தின் எண் அச்சாகியிருக்கும். அதிலிருந்து எந்தக் கார், எந்த மாடல் என்று பிடித்துவிடலாம். அதைக் கையால் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். கிடந்த இடத்திலேயே படம் எடுத்துக்கொண்டு, விசாரணை அதிகாரி வரும்வரை யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வழியாகப் போன கார்களின் டேஷ்கேமில் மெமரி கார்டு நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். நிறைய ஓட்டுகிற கிராப் காரில் அது ஓரிரு நாளிலேயே அழிந்துபோகலாம். கடைகளின் சிசிடிவியும் அப்படித்தான், சில நாள் கூடுதலாகத் தாங்கும். அன்றைக்கே போய்க் கடைக்காரரிடம், "அழிய விடாதீங்க அண்ணே, ஐஓ வந்து கேட்பார்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். பதிவெண் கிடைத்துவிட்டால், அந்த நேரம் ஓட்டியது யார் என்று சொல்லும் கடமை சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 115-ஆம் பிரிவின்படி வண்டிச் சொந்தக்காரருக்கு உண்டு. "யார் எடுத்துட்டுப் போனாங்கன்னு தெரியாது" என்று எளிதாகக் கழன்றுகொள்ள முடியாது.

தண்டனை சொல்வதற்கு முன் குடும்பத்தினர் நீதிமன்றத்தில் பேசலாம். குற்ற நடைமுறைச் சட்டத்தின் 183ஏ அந்த உரிமையைக் கொடுக்கிறது, ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். அரசுத் தரப்பு வழக்கறிஞரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். ஐந்து ஆண்டுக்கும் பத்து ஆண்டுக்கும் இடையில் நீதிபதி எங்கே நிற்கப் போகிறார் என்பதில், அந்த வீட்டில் இப்போது யார் சம்பாதிக்கிறார், சின்னப் பிள்ளை இரவில் எப்படித் தூங்குகிறது என்பதற்கெல்லாம் இடம் உண்டு.

இழப்பீடு தனி வழக்கு. குற்றவியல் வழக்கில் ஆள் விடுதலையானாலும் சிவில் வழக்கு நிற்கும், அங்கே நிரூபணத்தின் அளவு குறைவு. இறந்தவரின் வருமானத்தை நம்பியிருந்தவர்கள் 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 7-ஆம் பிரிவில் கேட்கலாம். துக்கத்துக்கான தொகை 2019 வரை 10,000 ரிங்கிட், இப்போது 30,000. கெடு, இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. குற்றவியல் வழக்கு முடியட்டும் என்று காத்திருந்து இந்தக் கெடுவைத் தவறவிட்ட குடும்பங்கள் உண்டு. ஓடிய காருக்குக் காப்புறுதியே இல்லை என்றாலும் விட்டுவிடாதீர்கள், மோட்டார் இன்ஷூரர்ஸ் பீரோ வழியாகக் கேட்க இடம் இருக்கிறது.

வழக்கு எங்கே நிற்கிறது என்று யாரும் சொல்லவில்லை என்றால், ரிப்போர்ட் போட்டவர் குற்ற நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவைக் குறிப்பிட்டு, ரிப்போர்ட் போட்ட நிலையத்தின் பொறுப்பதிகாரிக்கு எழுதிக் கேட்கலாம். ரிப்போர்ட் போட்டு நான்கு வாரம் கடந்திருக்க வேண்டும். கேட்ட இரண்டு வாரத்துக்குள் அவர் நிலவரம் சொல்ல வேண்டும். ஒரு பக்கக் கடிதம் போதும்: ரிப்போர்ட் எண், தேதி, இறந்தவரின் பெயர், உங்கள் அடையாளக் கார்டு எண். ஒரு நகலில் நிலையத்தின் முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.